வளவனுக்கு வாங்கிக் கொடுத்தது

அந்தப் பெட்டியைப் பிரித்தபோது கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான், பரசுராமன், இந்த வீட்டுக்கு மூத்தவன். என் தம்பி திருமலையின் மனைவி பாஞ்சாலை. அவள் மகன் வளவன். வளவனின் மனைவி சினேகா. எதிர்வீட்டு மணிவேல், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேப்பர் வாங்க வந்தவர் பெட்டியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் வேறு யாரும் இல்லை.

இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் வளவன் உட்கார்ந்தான். பெட்டியை மடிமேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பிரிக்காமல் தடவிப் பார்த்தான். அவன் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் ஒரு கம்பெனி அனுப்பும் ஒலிப்பதிவுகளில் இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவான். மாடி அறையிலேயே வேலை. அதற்கு உதவும் கருவி இது. ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் என்கிறார்கள். கணினியிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கி ஹெட்போனுக்கு அனுப்பும். அவன் அதை இணையத்தில் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான், வாங்கவில்லை. எந்த மாடல் என்று சினேகாவிடம் ரகசியமாகக் கேட்டு நான் வாங்கினேன்.

"பெரியப்பா, இதெல்லாம் எதுக்கு? நான் கேக்கவே இல்லியே" என்றான் வளவன்.

"கேட்டாதான் குடுக்கணுமா?" என்றேன்.

சினேகா செல்போனில் வீடியோ எடுத்தாள். "மெதுவா பிரிங்க, பெட்டிய கிழிச்சிடாதீங்க. வாரண்டிக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கறுப்பு நுரைப் பஞ்சுக்குள் கருவி பதிந்திருந்தது. செங்கல்லைவிடக் கொஞ்சம் சிறியது. முழுக்க உலோகம். முன்பக்கம் ஒரு திருகு, ஹெட்போன் செருக ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு துளைகள், ஒலியை இன்னும் கூட்ட ஒரு சுவிட்ச். அதற்கு அடியில் இன்னொரு தட்டு. மின்சார அடாப்டர், கணினியில் செருகும் வயர், சிவப்பும் வெள்ளையுமாக முனை வைத்த இன்னொரு வயர், சிறிய பின்னைப் பெரிய துளையில் செருகுவதற்கான தங்க நிறக் குப்பி. ஒரு அட்டையில் ஒட்டிய நான்கு ரப்பர் கால்கள். மணிவேல் அந்த அட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாது இது, கட்டில் காலுக்குப் போடற மாதிரி?"

"மேஜ மேல வழுக்காம இருக்க மாமா" என்றான் வளவன்.

"இவ்ளோ பெரிய பாட்டு மிஷின், ஆனா பாட்டு உன் ஒருத்தனுக்குத்தான் கேக்கும். எங்களுக்கு இன்னா பிரயோஜனம்?"

"உங்களுக்குக் கேக்காம இருக்கறதுதான் மாமா பிரயோஜனம்" என்றாள் சினேகா. பாஞ்சாலைகூடச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஹெட்போன் தனிப் பெட்டியில் வந்தது. அதையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். அதை எடுத்ததும் வளவன் முகம் ஒரு நொடி மாறியது. "நான் பாத்துட்டிருந்தது ஓபன் டைப்பு பெரியப்பா. காத்து போற மாதிரி இருக்கும். இது க்ளோஸ்டு. பரவால்ல, இதுவும் நல்ல செட்டுதான்." இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். திறந்த வகையில் வெளிச் சத்தம் உள்ளே வரும். மூடிய வகையில் வராது.

எல்லாவற்றையும் இந்த மேசைமேலேயே மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. அவன் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். அப்போது நான் ஒரு விளையாட்டுச் செய்தேன். அவனுக்குப் பின்னால் போய் நின்று, "வளவா" என்று அழைத்தேன். அவன் திரும்பவில்லை. இன்னும் உரக்க அழைத்தேன். கை தட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது.

எங்கள் குடும்பத்தைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். வீடு இங்கே மலையடியில் இருந்தாலும், கீழ்பென்னாத்தூரில் மூன்று தலைமுறையாக வேர்க்கடலை மண்டி. எடையில் கை வைத்தார்கள் என்று எங்களை யாரும் சொன்னதில்லை. கோயில் திருவிழாவில் எங்களுக்கென்று ஒரு நாள் மண்டகப்படி உண்டு. எனக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி காலமாகிவிட்டாள். வளவனுக்கு ஐந்து வயது நடக்கும்போது என் தம்பி திருமலை ஒரு கார்த்திகை தீபத்தன்று மலை சுற்றப் போனவன் வீடு திரும்பவில்லை. கடன் இல்லை, சண்டை இல்லை. சில பேருக்கு அப்படி ஒரு கிறுக்கு வந்துவிடுகிறது. இந்த ஊரில் அதை வேறு பெயர் சொல்லி மதிக்கிறார்கள். நான் மதிப்பதில்லை.

அன்றிலிருந்து வளவனை வளர்த்தது நான். பள்ளிக்கூடத்தில் தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் நான் போட்டேன். அவன் எப்போதும் என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டான். கடும் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு தடவை மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா என்றான். யாரை நினைத்துச் சொன்னானோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் தகவல் இல்லாமல் போனவனை இறந்தவனாகக் கொண்டு காரியம் செய்யலாம் என்பது வழக்கம். உடல் இல்லாததால் தர்ப்பைப் புல்லில் ஆள் உருவம் கட்டி, வேட்டி சுற்றி, முறைப்படி எரிப்பார்கள். நாங்களும் செய்தோம். வளவன்தான் கொள்ளி வைத்தான். மீசை அரும்பிய வயது. புல் என்பதால் சீக்கிரம் எரிந்துவிட்டது. பாஞ்சாலையின் தாலி இறங்கியது. இது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் அதுவரை அவள் ஓடிப்போனவனின் மனைவி. கல்யாண வீடுகளில் பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். அதற்குப் பிறகு இறந்தவனின் மனைவி. ஊர் அவளுக்கு மரியாதை கொடுத்தது. வளவனுக்கு ஆரணியில் பட்டு வியாபாரம் செய்யும் நல்ல குடும்பத்தில் பெண் கிடைத்ததும் அதனால்தான். பத்திரிகையில் அமரர் திருமலை என்று அச்சடித்தோம்.

அந்தக் காரியம் நடந்தபோது தம்பி உயிரோடு இருப்பது எனக்குத் தெரியுமா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். தெரியும். அதற்கு முந்தைய வருஷம் எங்களிடம் கடலை வாங்கும் ஒருவர் அவனை இராமேசுவரத்தில் பார்த்ததாகச் சொன்னார். நானே போய்ப் பார்த்தேன். கோயில் மதிலோரம் வரிசையில் உட்கார்ந்து அலுமினியத் தட்டில் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் தகப்பனாருக்கு வெள்ளித் தட்டில்தான் சாப்பாடு. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, பேசாமல் ஊர் திரும்பினேன். என் வரையில் திருமலை அங்கேயே முடிந்துபோனான். மற்றவர்களுக்குத் தெரிவதற்காகத்தான் புல்லை எரித்தது.

வளவனின் கல்யாணம் முடிந்த அடுத்த வருஷம் திருமலை இந்த ஊருக்கே திரும்பி வந்தான். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் மற்ற காவிகளோடு தங்கியிருந்தான். தாடியும் சடையுமாக இருந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் இந்த கேட்டுக்கு வந்து நின்றான். செங்கம் சாலையில் சாமியார்கள் வந்து நிற்பது புதிதல்ல. யாரோ என்று நினைத்துச் சில்லறையோடு போனேன்.

"ண்ணா, நான்தான்" என்றான்.

"தெரியுது. இன்னா வேணும்?"

"வளவனப் பாத்துட்டுப் போயிடறேன். பேசக்கூட மாட்டேன்."

"உனக்குக் காரியம் பண்ணியாச்சு. கொள்ளி வெச்சதே அவன்தான்."

அவன் சிரித்தான். "அதான் இவ்ளோ வருஷமா ஒரு தலைவலிகூட வரலியா."

"செத்தவன் செத்தவனாவே இரு. இந்த வூட்டுக்கு நீ செய்யற மரியாத அதுதான்."

"சரிண்ணா. செத்தவன் மலை சுத்தறான்னு வெச்சிக்கோ. இந்தப் பக்கமாதான் வருவேன்."

சொன்னபடியே வந்தான். வீடு அடங்கியிருக்கும் மத்தியான நேரமாகப் பார்த்து வருவான். கேட்டைத் திறக்க முயன்றதில்லை. தட்டியதில்லை. மாடி ஜன்னலைப் பார்த்து, "வளவா" என்பான். சிறிது விட்டு இன்னொரு தடவை. பிறகு போய்விடுவான். குரல் மட்டும் மாறவில்லை. எங்கள் தகப்பனாருடைய குரல் அது.

ஒரு நாள் வளவன் மாடிப் படியில் நின்று, "யாராச்சும் என்னக் கூப்ட்டாங்களா பெரியப்பா?" என்று கேட்டான். பக்கத்துத் தெருவில் இன்னொரு வளவன் இருக்கிறான் என்றேன். அவன் நம்பிவிட்டான். ஆனால் எத்தனை நாளைக்கு நம்புவான்? ஒரு நாள் இறங்கி வருவான். தகப்பன் என்று தெரிந்தால் உள்ளே அழைத்து வருவான். அவன் மனம் அப்படி. வந்தவன் இந்த வீட்டில் எந்த இடத்தில் உட்காருவான்? பாஞ்சாலை யார்? ஆரணிக்காரர்களுக்கு என்ன பதில்? இல்லாவிட்டால் வளவன் தகப்பனோடு கிளம்பிவிடுவான். அது எப்படியும் நடந்திருக்காது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

ஆள் வைத்துத் தம்பியை அடித்து விரட்டியிருக்கலாம். இந்த ஊரில் அது கஷ்டமில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. கூடப் பிறந்தவன்மேல் கை வைக்கும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. நான் வளவனுக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

அது நன்றாக வேலை செய்தது. மத்தியானம் முழுக்க வளவன் அதை மாட்டிக்கொண்டு மாடியில் இருப்பான். கீழே தம்பி கூப்பிடுவான். நடுவில் நான் இந்தக் கூடத்தில் பேப்பர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பல மாதங்கள் இப்படிப் போயின. சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, அவன் வர நேரமானால் நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அந்த நேரத்தில் இந்த வீட்டில் வேறு யாரும் யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சித்திரையில் ஒரு நாள். பாஞ்சாலையும் சினேகாவும் கீழ்பென்னாத்தூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். அனல் அடித்தது. சாலையில் ஆள் இல்லை. அவன் வழக்கத்தைவிட முன்னதாக வந்தான். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூப்பிட்டான். அன்று இரண்டு தடவையோடு நிறுத்தவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டான். பிறகு தூண் ஓரமாகச் சாய்ந்தான். கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. குரல் கம்மியாகிக்கொண்டே போயிற்று.

நடுவில் வளவன் டீ போடுவதற்காகக் கீழே இறங்கி வந்தான். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தான். வாசல் பக்கம் தலையைச் சாய்த்தான்.

"வெளியில யாரோ முனகற மாதிரி இல்ல பெரியப்பா?"

"சாமியாரு ஒருத்தன். நிழலுக்கு உக்காந்திருக்கான்."

"எதுனா குடுக்கட்டுமா?"

"குடுத்தாச்சு. நீ போய் வேலையப் பாரு."

அவன் மாடி ஏறினான். படியிலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டான். நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. கேட்டின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. போன் இந்த மேசைமேல் இருந்தது. ஆஸ்பத்திரி இங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம். இதையெல்லாம் நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எழுந்து போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. எழுந்து போகக் கூடாது என்று முடிவு செய்தது எனக்குத் தெரியும். குரல் நின்ற பிறகும் நான் கொஞ்ச நேரம் பேப்பரை மடிக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் எதிர்வீட்டு மணிவேல் வெளியே வந்தார். "பெரியவரே, உங்க கேட்டாண்ட ஒரு சாமியாரு படுத்துக்கினு இருக்காரு. ஆடல அசையல" என்று குரல் கொடுத்தார். பிறகு உங்கள் காவலர் ஒருவர் வந்தார். ஆள் யாரென்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். வளவன் ஓடி வந்து, வேனில் ஏற்றக் கை கொடுத்தான். தலைப் பக்கம் வேன்காரர், கால் பக்கம் வளவன். பாதத்தில் இருந்த மண்ணை அவன் தன் கையால் தட்டிவிட்டான்.

"யாரு வூட்டு மனுஷனோ, பாவம்" என்றான்.

நான் பீரோவைத் திறந்து கோடி வேட்டி ஒன்று எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வாசலில் போன உயிரை வெறும் காவித் துணியோடு அனுப்பக் கூடாது. கேட்க ஆள் இல்லாத உடல் என்று நகராட்சி ஆட்கள் புதைத்துவிட்டார்கள். அதில் எனக்கு உறுத்தல் இல்லை. அவனுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் பல வருஷம் முன்பே முறையாகச் செய்தாகிவிட்டது. அந்த வேட்டி கொடுத்ததைப் பற்றித்தான் மணிவேல் வெளியில் புகழ்ந்து பேசினார். பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்றாராம்.

ஆடி மாதம் சினேகா தன் செல்போனைத் துழாவிக்கொண்டிருந்தாள். பெட்டி பிரித்த வீடியோ கண்ணில் பட்டது. ஆம்ப்ளிஃபயர் எப்படி இருக்கிறது என்று கேட்ட நண்பர்களுக்கு அதை அனுப்பலாம் என்றாள். ஃபேன் சத்தம் இரைச்சலாக இருக்கிறது, எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று வளவன் வாங்கிக்கொண்டு போனான். அவன் தொழிலே அதுதானே. நான் வாங்கிக் கொடுத்த கருவியில், நான் வாங்கிக் கொடுத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஃபேனை எடுத்தான். எங்கள் சிரிப்பைக் குறைத்தான். அடியில் இன்னொரு குரல் இருந்தது.

மடிக்கணினியோடு கீழே வந்தான். பாஞ்சாலை இங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டான். நான் வளவனுக்குப் பின்னால் போய் நிற்பதற்குச் சற்று முன்னால், தூரத்தில், வாசலிலிருந்து, "வளவா" என்று கேட்டது. பிறகு என் குரல், "வளவா" என்று. பிறகு வாசலிலிருந்து இன்னொரு தடவை. அதை மறைத்தபடி என் கைதட்டல். ஒரே குடும்பத்துக் குரல்கள் என்று யாருக்கும் தெரியும். வீடியோவில் பாஞ்சாலை அந்த இடத்தில் வாசல் பக்கம் திரும்புகிறாள். பிறகு என்னைப் பார்க்கிறாள். பிறகு தலையைக் குனிந்துகொள்கிறாள். அன்று நான் அதைக் கவனிக்கவில்லை.

"இது அந்தச் சாமியாரு குரலாச்சே" என்றாள் சினேகா. "மாடியில துணி காயப்போடும்போது கேட்டிருக்கேன். நம்ம கேட்டாண்ட செத்துப்போனாரே, அவுரு. உங்க பேரு அவுருக்கு எப்படித் தெரியும்?"

பாஞ்சாலை கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். "இன்னொரு தபா போடு" என்றாள். வளவன் போட்டான். கேட்டு முடித்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அவள் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"மாமா, அன்னிக்குத் தர்ப்பையில கட்டி எரிச்சீங்களே, அது யாரு?"

"முறைப்படி செஞ்சது" என்றேன்.

"அப்ப நான் தூக்கி வேன்ல போட்டது யாரு பெரியப்பா?" என்றான் வளவன்.

நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

மறுநாள் மூன்று பேரும் ஆரணிக்குப் போய்விட்டார்கள். சத்தம் போடவில்லை, என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். போகும் முன் வளவன் அந்தக் கருவியைப் பழையபடி பெட்டியில் அடுக்கி என் நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனான். ஒவ்வொரு வயரும் அதனதன் இடத்தில் இருந்தது. ரப்பர் கால்களைக்கூடப் பிய்த்து அட்டையில் திரும்ப ஒட்டியிருந்தான். பிறகுதான் உங்களிடம் வந்து எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அதோ, மேசைமேல் இருப்பது அதுதான். சாயங்காலத்தில் மின்சாரத்தில் செருகுவேன். பச்சை விளக்கு எரியும். வேறு எதையும் அதில் இணைக்க எனக்குத் தெரியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். ஒன்றும் கேட்காது. எடுத்துவிட்டாலும் அப்படித்தான். இரண்டு பேருக்கு மேல் இருக்கும் வீட்டில் எப்போதும் ஏதோ ஒரு பாத்திரம் விழும், ஒரு கதவு சாத்திக்கொள்ளும். அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மணிவேல் இப்போது பேப்பரை வேறு வீட்டில் வாங்கிக்கொள்கிறார்.

நான் செய்ததை நீங்கள் எந்தப் பிரிவில் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் தம்பி சாவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் மகனை மாடிக்கு அனுப்பினேன். உடலைத் தெரியாது என்றேன். எல்லாம் இந்தக் குடும்பத்துக்காகச் செய்தது.

ஒன்றை மட்டும் திருத்திவிட வேண்டும். அவன் சாகும்போது தண்ணீர் கேட்டதாகவும், நான் கொடுக்க மறுத்ததாகவும் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். என் தாத்தா காலத்திலிருந்து பௌர்ணமிதோறும் மலை சுற்றுகிறவர்களுக்கு இந்த வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். எங்களைப் பற்றி அப்படிப் பேசக் கூடாது. அது பொய். முழுக்கக் கேட்டவன் நான் ஒருவன்தான், அதனால் சொல்கிறேன். அவன் தண்ணீர் கேட்கவில்லை. என்னிடம் எதையுமே கேட்கவில்லை. கடைசிவரை மகன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.